பணம் கட்டியும் வாசகர் வரவில்லையா? செய்திமடல் விளம்பரத்தில் பிழை காணும் வழிமுறை

இன்னொருவருடைய செய்திமடலில் காசு கொடுத்து நான்கு வரி விளம்பரம் போடுகிறோம். படித்தவர் இணைப்பைத் தட்டுகிறார், நம் பதிவுப் பக்கத்துக்கு வருகிறார், மின்னஞ்சல் முகவரி தருகிறார், அந்த முகவரியைச் சரிபார்க்க நாம் அனுப்பும் உறுதிமடலைத் திறந்து ஒப்புக்கொள்கிறார், ஒரு மாதம் கழித்தும் நம் மடலைப் படிக்கிறார். இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில்தான் பணம் ஒழுகுகிறது. பெங்களூரில் தமிழில் செய்திமடல் நடத்துகிறவர்கள் பலரோடு உட்கார்ந்து இந்த ஒழுகலைத் தேடியிருக்கிறேன். பெரும்பாலோர் முதலில் கை வைப்பது விளம்பர வாசகத்தில். வாசகம் நன்றாகவே இருக்கும். பிழை வேறு படியில் இருக்கும். ஆகவே எந்தப் படி என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள், அடுத்த விளம்பரத்துக்குப் பணமும் கட்டாதீர்கள்.

தேவைப்படுவது ஒரு விரிதாள். ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி. அதில் கட்டிய தொகை, மடல் எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை முகவரி வந்தது, எத்தனை பேர் உறுதிசெய்தார்கள், முப்பது நாள் கழித்து எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். தொகையை வரியோடு சேர்த்து எழுத வேண்டும். ஒரு கணக்குக்கு 6,000 ரூபாய் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 7,080. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு மடல்காரர் அந்த 1,080 ரூபாயைத் திரும்பப் பெற முடியாது. 120 பேர் தட்டி, 40 பேர் முகவரி தந்தால் ஒருவருக்கு 177 ரூபாய். ஒரு மாதம் கழித்து 24 பேர்தான் படிக்கிறார்கள் என்றால் ஒரு வாசகருக்கு 295 ரூபாய். நீங்கள் வாங்கியது அந்த 24 பேரைத்தான். மீதிப் 16 முகவரிகள் பட்டியலைப் பெருக்கிக் காட்டும். பின்னால் அவற்றால் கெடுதலும் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

இனி அறிகுறிகள். உங்கள் விரிதாளில் எண் எந்தக் கட்டத்தில் சரிகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

தட்டியவர்களே இல்லை

முதலில், விளம்பரம் பேசியபடி வெளிவந்ததா என்று பாருங்கள். விளம்பரம் கொடுக்கப்போகும் மடலுக்கு நீங்களே சந்தாதாரராகச் சேர்ந்திருக்க வேண்டும். மடல்காரர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. அது அவருடைய கணினியில் எடுத்தது. உங்கள் கைப்பேசியில் விளம்பரம் எத்தனை திரை கீழே வருகிறது என்று உருட்டிப் பாருங்கள். முதன்மை விளம்பரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, நீண்ட தலையங்கத்துக்குக் கீழே போட்டிருப்பார்கள். இணைப்பைத் தட்டினால் சரியான பக்கம் திறக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அது சரியாக இருந்தால், நீங்கள் நம்பி வாங்கிய எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். "எங்கள் மடலை 55% பேர் திறக்கிறார்கள்" என்று சொல்லி விலை பேசுவார்கள். 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 15 உடன் ஆப்பிள் நிறுவனம் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவருக்கு வரும் மடல்களின் படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. திறப்பைக் கணக்கிடுவது ஒரு சிறு மறைபடத்தை வைத்துத்தான் என்பதால், மனிதர் திறக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிகமுள்ள ஒயிட்ஃபீல்டு, கோரமங்களா வாசகர் கூட்டத்தில் இந்த வீக்கம் பெரிது. திறப்பு விகிதத்தை ஒதுக்கிவிட்டு, "கடைசியாக வந்த மூன்று விளம்பரங்களை எத்தனை தனி நபர்கள் தட்டினார்கள்?" என்று கேளுங்கள். நல்ல மடல்காரர் தயங்காமல் சொல்வார். சொல்லாதவரிடம் இடம் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, இந்த ஊருக்கே உரிய விஷயம். பெங்களூர்த் தமிழர் எல்லோரும் தமிழ் படிக்கிறவர்கள் இல்லை. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ்ப் படம் பார்ப்பார்கள், பேச்சு கேட்பார்கள், எழுத்தைக் கண்டால் தாண்டிப்போவார்கள். சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்காக வந்தவர்கள் வேறு கூட்டம். அவர்கள் தமிழ் எழுத்தில் வளர்ந்தவர்கள். 'பெங்களூர் தமிழர் மடல்' என்ற பெயரைப் பார்த்ததுமே பணம் கட்டிவிடாமல், அந்த மடல் எந்த எழுத்தில் வருகிறது, வாசகர் பதில்கள் எந்த எழுத்தில் வருகின்றன என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் வரும் பெங்களூர் நிகழ்ச்சி மடலில் தமிழ் மடலுக்கு விளம்பரம் கொடுத்தால், நூறில் சிலர்தான் உங்கள் மொழிக்காரர். ஆனால் காசு நூறு பேருக்கும் போகிறது.

இவை மூன்றும் தேறிவிட்டால் அப்போது வாசகத்துக்கு வாருங்கள். நான் அடிக்கடி பார்ப்பது இப்படி இருக்கும்:

"பெங்களூர்த் தமிழர்களுக்கான தனித்துவமான செய்திமடல். தரமான உள்ளடக்கம். இன்றே இணைந்திடுங்கள்!"

இதில் வாசகர் கையில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே மடலுக்கு இப்படி எழுதலாம்:

"தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் முன்பதிவு என்றைக்குத் திறக்கிறது? வார இறுதியில் அல்சூர்த் தமிழ்ச் சங்கத்தில் என்ன கூட்டம்? வியாழன் காலை ஒரு மடல், ஐந்து நிமிட வாசிப்பு, இலவசம்."

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தத் தேதி அவர்களுக்கு உண்மையாகவே வேண்டியது. வேண்டிய ஒன்றை முதல் வரியில் வைத்தால், தட்டுகிறவரும் அதற்காக வருகிறவராக இருப்பார். 'விளம்பரம்' என்ற குறிப்பு மேலே இருக்கட்டும். சிலர் அதை எடுத்துவிட்டு மடல்காரரின் சொந்தப் பரிந்துரை போலப் போடச் சொல்வார்கள். மும்பையில் இருக்கும் விளம்பரத் தர மன்றமான ஏ.எஸ்.சி.ஐ.யின் விதிகள் அதை ஏற்பதில்லை. ஏமாந்து வந்த வாசகரும் நிலைப்பதில்லை.

தட்டினார்கள், முகவரி தரவில்லை

நான் அதிகம் கண்ட அறிகுறி இதுதான், தவறாகவே அதிகம் கணிக்கப்படுவதும் இதுதான்.

மர்பி டவுனில் இருந்து குழந்தைகளுக்கான தமிழ்க் கதைமடல் நடத்தும் ஒரு தங்கை அழைத்தாள். "அண்ணா, 190 பேர் தட்டியிருக்கிறார்கள். முகவரி பதினொன்றுதான் வந்திருக்கிறது. அந்த மடல்காரர் பொய்க் கணக்குக் காட்டுகிறாரோ?" என்றாள். நேரம் வாரியாகப் பிரித்த கணக்கைக் கேட்டு வாங்கச் சொன்னேன். மடல் போன முதல் நிமிடத்துக்குள்ளேயே அறுபதுக்கும் மேற்பட்ட தட்டல்கள். மனிதர்கள் அப்படித் தட்டுவதில்லை. பெங்களூரில் பலர் அலுவலக முகவரியைக் கொடுத்தே மடல்களுக்குச் சேர்கிறார்கள். நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள், வரும் மடலில் உள்ள இணைப்புகளைத் தீங்கானவையா என்று அறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அந்தத் திறப்பும் தட்டலாகக் கணக்கில் ஏறும். மடல்காரர் பொய் சொல்லவில்லை; அவருடைய மென்பொருள் காட்டியதைச் சொன்னார்.

அதைக் கழித்தாலும் நூற்றிருபதுக்கு மேல் மிச்சம். அவளுடைய பதிவுப் பக்கத்தை விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியில், ஜிமெயில் செயலிக்குள்ளிருந்தே திறந்தோம். அவள் அதுவரை அதை மடிக்கணினியில் மட்டுமே பார்த்திருந்தாள். பக்கம் திறந்தது. குக்கி அனுமதி கேட்கும் பட்டை அடியிலிருந்து எழுந்து திரையில் பாதியை மறைத்தது. மேலே கதை ஓவியம், அதன் கீழே ஐந்து கட்டங்கள்: பெற்றோர் பெயர், குழந்தை பெயர், வயது, கைப்பேசி எண், மின்னஞ்சல். முதல் கட்டத்தைத் தொட்டதும் விசைப்பலகை எழுந்தது; 'சேர்க' பொத்தான் கண்ணுக்கு மறைந்தது. எண் கேட்கும் கட்டத்தில் தமிழ் விசைப்பலகையே நின்றது. மின்னஞ்சல் தானாக நிரம்பவில்லை, ஏனென்றால் செயலிக்குள் திறக்கும் உலாவி, சேமித்துவைத்த விவரங்களை எல்லாச் சமயமும் தருவதில்லை.

பக்கத்தில் மின்னஞ்சல் கட்டத்தை மட்டும் விட்டோம். குழந்தையின் பெயரையும் வயதையும் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. கதை அனுப்ப வயது தேவை என்றால் பின்னால் பெற்றோரிடமே கேட்டுக்கொள்ளலாம். முதல் வாசலில் வேண்டாம். குக்கிப் பட்டை போனது. ஓவியம் கீழே போனது. விளம்பரத்தில் 'இரவு படுக்கும்முன் படிக்க ஒரு கதை' என்று எழுதியிருந்தாள்; பக்கத்தின் தலைப்போ 'மொழி வளர்க்கும் முயற்சி' என்றிருந்தது. தட்டியவர் தேடி வந்த சொல்லே தலைப்பிலும் இருக்கும்படி மாற்றினோம். அதே விளம்பரம் மறுபடி போனபோது முகவரிகள் கண்கூடாகக் கூடின. விளம்பரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை போகும் மடல்களைப் பற்றி ஒரு சொல். அந்த நேரத்தில் ஊருக்குப் போகும் கூட்டம் மடிவாளாவிலும் சில்க் போர்டிலும் பஸ்ஸுக்கு நிற்கிறது. தட்டுவார்கள், நெரிசலில் தட்டச்சு செய்ய மாட்டார்கள். வார நடுவில் காலை நேரம் கிடைக்குமானால் அதைக் கேளுங்கள்.

முகவரி தந்தார்கள், உறுதிசெய்யவில்லை

உறுதிமடல் அவர் இன்பாக்ஸுக்கே போகவில்லை, அல்லது போயும் உங்களுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று.

போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஜிமெயிலில் ஒன்றும் யாகூவில் ஒன்றும் சோதனை முகவரி வைத்துக்கொண்டு நீங்களே சேர்ந்து பாருங்கள். ஸ்பேமில் விழுந்தால் முதலில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். சிறு மடல்காரர்கள் பலர் செய்திமடல் சேவையின் வழியாக அனுப்பும்போதும் தம் சொந்த ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டிருக்கிறார்கள். கூகுளின் சர்வரிலிருந்து வராத மடல் ஜிமெயில் பெயரைச் சூடி வந்தால் ஆள்மாறாட்டம் என்று சந்தேகிக்கப்படும். யாகூ 2014இலேயே இதற்குக் கதவடைத்தது. சொந்த டொமைன் வாங்குங்கள். அதன் டி.என்.எஸ். பதிவில், மடல் உண்மையில் உங்களிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றையும் சேருங்கள். உங்கள் சேவை தரும் வரிகளை அப்படியே ஒட்டினால் போதும். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் இவற்றை வற்புறுத்துகின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புகிறவரும் மூன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுடையது என்று தெரியவில்லை என்பது எளிமையான பிழை, கவனிக்கப்படாத பிழையும் அதுவே. விளம்பரம் தமிழ், பதிவுப் பக்கம் தமிழ். ஆனால் சேவை தானாக அனுப்பும் உறுதிமடல் ஆங்கிலத்தில், 'உங்கள் சந்தாவை உறுதிசெய்யவும்' என்று பொருள்படும் வழக்கமான தலைப்போடு, மடல் நடத்துகிறவரின் சொந்தப் பெயரில் போகும். சேர்ந்தவருக்கு மடலின் பெயர் தெரியும். உங்கள் பெயர் தெரியாது. அனுப்புநர் பெயரில் மடலின் பெயரைப் போடுங்கள். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். கைப்பேசியில் தமிழ்த் தலைப்பு ஆங்கிலத்தைவிட விரைவில் வெட்டுப்படும் என்பதால், 'தட்டவும்' என்று சொல்லவேண்டிய சொல் முதல் இரண்டு மூன்று சொற்களுக்குள் வரட்டும். முகவரி தந்ததும் தோன்றும் நன்றிப் பக்கத்தில், எந்தப் பெயரில் மடல் வரும், ஜிமெயிலின் விளம்பரத் தாவலில் தேட வேண்டியிருக்கலாம் என்பதைச் சொல்லுங்கள்.

உறுதிமடல் வேண்டாம், நேரே சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பணம் கொடுத்து வாசகர் திரட்டும்போது அதை எடுக்காதீர்கள். அடுத்த அறிகுறியைப் படித்தால் காரணம் புரியும்.

குவியலாக வந்தார்கள், யாரும் படிக்கவில்லை

இது பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் வழிகளில் வருகிறது. பீஹைவ் தளத்தின் பூஸ்ட்ஸ், ஸ்பார்க்லூப் போன்றவற்றில் இன்னொரு மடலுக்குச் சேர்ந்தவருக்கு, சேர்ந்த கையோடு உங்கள் மடலும் பரிந்துரையாகக் காட்டப்படும். அவர் தேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். வழி நல்லதுதான். ஆனால் அந்தப் பரிந்துரைப் பெட்டியில் குறிகள் முன்கூட்டியே இடப்பட்டிருந்தால், வாசகர் உங்கள் பெயரைப் படிக்காமலேயே 'தொடர்க' என்று தட்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை உங்கள் மடல் அழையா விருந்தாளி. எந்தெந்த மடலிலிருந்து வந்தவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரண்டு மடல்கள்தான் குப்பையைக் கொட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தடுத்துவிடலாம். இந்தத் தளங்களில் சேர்ந்தவரைச் சில நாள் சோதித்து, தேறாதவருக்குப் பணம் இல்லை என்ற ஏற்பாடு உண்டு. அந்த விதியைப் படித்து, கிடைக்கும் அளவுக்குக் கடுமையாக வையுங்கள்.

முகவரிகளைக் கண்ணால் பாருங்கள். இது சலிப்பான வேலை, ஆனால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. ஜிமெயில் முகவரியில் புள்ளி எங்கே வைத்தாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஒரே பெயர் புள்ளி இடம் மாறி மாறி ஐந்தாறு முறை வந்திருந்தால் யாரோ காசுக்காகப் பெருக்கியிருக்கிறார்கள். நள்ளிரவில் சில நிமிடங்களுக்குள் வரிசையாக வந்திருந்தால் அது நிரலின் வேலை. பதிவுப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்தால், அதை நிரப்பும் நிரல்களை ஒதுக்கிவிடலாம்.

மொத்தப் பட்டியல் விற்பவர்களும் வருவார்கள். "பெங்களூர் ஐ.டி. தமிழர் முகவரி, ஐம்பதாயிரம் இருக்கிறது சார்" என்பார்கள். வாங்காதீர்கள். அந்த ஐம்பதாயிரம் பேரில் ஒருவரும் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது தெளிவான, குறிப்பிட்ட நோக்கத்துக்கான, தாமாகத் தந்த ஒப்புதல். சட்டத்தை விடுங்கள், நாம் கேட்காமல் நம் முகவரியை யாராவது விற்றால் நமக்கு எப்படியிருக்கும்?

பழைய வாசகரின் மடலும் ஸ்பேமுக்குப் போகிறது

விளம்பரம் தொடங்கிய சில வாரங்களில் இது நேர்ந்தால் உடனே விளம்பரத்தை நிறுத்துங்கள். மற்ற அறிகுறிகளில் இழப்பது பணம். இதில் இழப்பது பல வருடம் சேர்த்த வாசகரை.

ஜிமெயில் சொல்லும் வரம்பு, ஸ்பேம் என்று புகார் செய்வோர் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது. 1,500 பேருக்கு மடல் அனுப்பினால் ஐந்து பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே அந்தக் கோடு தாண்டிவிடும். மேலே சொன்ன 16 முகவரிகளின் கெடுதல் இதுதான். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைப் பதிந்து இந்த விகிதத்தைப் பார்க்கலாம். குறைவாக அனுப்புகிறவருக்கு அங்கே எண் எதுவும் தெரியாமல் போகலாம். அப்போது சேவையின் புகார்க் கணக்கையும் சோதனை முகவரிகளையும் நம்புங்கள். கடைசி விளம்பரத்தில் வந்தவர்களில் இதுவரை ஒன்றையும் தட்டாதவர்களைத் தனிப் பட்டியலுக்கு மாற்றி, 'தொடர விருப்பமா?' என்று ஒரே ஒரு மடல் அனுப்பி, பதில் இல்லாதவர்களை நீக்குங்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களை நீக்குவது வலிக்கும். செய்யுங்கள்.

விலகும் இணைப்பு கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். இங்கே தமிழ் மடலுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை வெட்டி, மிச்சத்தைக் காண இன்னொரு முறை தட்டச் சொல்லும். 'பெங்களூரு' என்ற சொல் ஆங்கில எழுத்தில் 9 பைட். தமிழில் ப, எகரக்குறி, ங, புள்ளி, க, ள, ஊகாரக்குறி, ர, உகரக்குறி என்று ஒன்பது குறியீடுகள். யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. சில மென்பொருள்கள் தமிழ் எழுத்தை அப்படியே வைக்காமல் எண்ணாக மாற்றிவிடும்; 'த' என்பது மூலக் குறியில் 'த' என்று இருக்கும். அப்போது ஒவ்வொன்றுக்கும் 7 பைட், அதே சொல் 63. நீண்ட கட்டுரைக்கு நடுவே வண்ணப் பெட்டிகளும் வைத்தால் 102 கிலோபைட் எளிதில் நிறைந்துவிடும். விலகும் இணைப்பு மடலின் அடியில் இருப்பதால் வெட்டுக்கு அப்பால் போய்விடும். விலக நினைப்பவர் கைக்கெட்டிய ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். திறப்பைக் கணக்கிடும் மறைபடமும் பல சேவைகளில் அடியில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். சோதனை மடலின் மூலக் குறியைத் திறந்து எண்களாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையைச் சுருக்கி மீதியைத் தளத்துக்கு அனுப்புங்கள். புதியவர்களுக்குப் போகும் முதல் மடல்களில் விலகும் இணைப்பை மேலேயும் ஒருமுறை வைத்துவிடுங்கள்.

கேட்காமலேயே விலகியதாகச் சிலர் சொன்னால், அதுவும் அலுவலகப் பாதுகாப்பு மென்பொருளின் வேலையாக இருக்கலாம். விலகும் இணைப்பையும் அது திறந்து பார்த்திருக்கும். திறந்த மாத்திரத்தில் விலக்காமல், பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே விலக்கும்படி அமையுங்கள். மடலின் தலைப்பகுதியில் வரும் ஒரே தட்டு விலகல், 2017இன் ஆர்.எஃப்.சி. 8058 என்ற மின்னஞ்சல் தரப்படி அமைந்தால் இந்தத் தவறு நேராது.

எது வேலை செய்தது என்று தெரியவில்லை

ஒவ்வொரு விளம்பர இணைப்புக்கும், எங்கிருந்து வந்தவர் என்று காட்டும் தனி யு.டி.எம். குறிச்சொல் போடுங்கள். அதற்குள் தமிழ் எழுத்து வேண்டாம். இணைப்புக்குள் போன ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது குறிகளாக விரியும். சில மென்பொருள் அதை இடையில் முறித்துவிடும். விளம்பரம் வெளியாகி ஒரு மாதம் கழித்தும் அந்த இணைப்பிலிருந்து ஆட்கள் வந்தால் வியக்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ் வாட்ஸாப் குழுவில் யாரோ இணைப்பை அப்படியே பகிர்ந்திருப்பார்கள். மகிழ வேண்டிய விஷயம்தான், ஆனால் அதை விளம்பரத்தின் கணக்கில் சேர்த்து அடுத்த முறை அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

சிறு எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 40 பேர் வந்த விளம்பரத்தை எதையும் மாற்றாமல் மறுபடி போட்டால், தற்செயலாலேயே 28 பேரும் வரலாம், 52 பேரும் வரலாம். ஒரு வாசகத்துக்கு 36, இன்னொன்றுக்கு 43 என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு மடங்கு வித்தியாசம் தெரிந்தால்தான் பேசலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பணம் கட்ட முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டது

வெளிநாட்டுத் தளம் என்றால் கார்டில் பன்னாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் அது அணைந்தே வரும். தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும், வரம்பை அதற்குக் கீழே வைத்தால் விளம்பரம் நடுவில் நிற்காது. 'கூகுள் வரி' என்று சொல்லப்பட்ட 6% வரியை இன்னும் சிலர் கணக்கில் எழுதுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது இல்லை. ஜி.எஸ்.டி. உண்டு.

முதல் முறை நன்றாக வந்தது, மூன்றாம் முறை வரவில்லை

இது பிழை இல்லை. அந்த மடலின் வாசகரில் உங்களை விரும்பக்கூடியவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். மடல்காரர் தொடர்ச்சியாகப் பத்து இடம் வாங்கினால் தள்ளுபடி என்பார். சிறிய பட்டியலில் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு லாபம் இல்லை. இரண்டு முறை போட்டுவிட்டு, அந்தப் பட்டியலில் புதியவர்கள் சேரும்வரை சில மாதம் இடைவெளி விடுங்கள். அதற்குள் வேறு மடல் தேடுங்கள். பெங்களூரில் தமிழ் மடல்கள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஆகவே ஊரைத் தாண்டிப் பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துச் செய்தி தரும் மடல்களைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் வேலைக்கு இங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மடல்காரரிடம் இடம் கேட்கும்போது, அவர் சேவை ஊர் வாரியாகப் பிரிக்க வசதி தருமானால் பெங்களூரிலிருந்து படிப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் போகும்படி கேளுங்கள், விலையையும் அந்த எண்ணிக்கைக்கே பேசுங்கள்.